இரத்தப் பரிசோதனைத் தாளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு எல்லைகள்: நீரிழிவு வாய்ப்பை எப்படிப் படிப்பது?

செந்தூலிலிருந்து எழுதியிருக்கும் நண்பருக்கு வணக்கம். உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 46, துணைவியாருக்கு 43. இருவரும் ஒரே காலையில், ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே தொகுப்புப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் தாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.3, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 5.9, ஃபெரிட்டின் (இரும்புக் கையிருப்பைக் காட்டும் புரதம்) 430, ஏஎல்டி (கல்லீரல் நொதி) 52, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 9.8. அவருடைய தாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.4, எச்பிஏ1சி 6.1, ஃபெரிட்டின் 9, ஹீமோகுளோபின் 10.4, ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்டிஎல் 1.15, யூரிக் அமிலம் 370. வெறும் வயிற்றில் உங்களுக்கு அதிகமாகவும், மூன்று மாதச் சராசரியில் அவருக்கு அதிகமாகவும் இருப்பது எப்படி என்றும், சில வரிகளில் மட்டும் ஆணுக்கு ஒரு நார்மல், பெண்ணுக்கு ஒரு நார்மல் என்று அச்சிட்டிருப்பது ஏன் என்றும், இருவரில் யாருக்கு இனிப்புநீர் வரும் வாய்ப்பு அதிகம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால் சர்க்கரை வராது என்று உடற்பயிற்சிக்கூடத்தில் ஒருவர் சொன்னதையும், துணைவியாருக்கு இரண்டாவது கர்ப்பத்தில் சர்க்கரை ஏறிப் பிரசவத்துக்குப் பின் இறங்கிவிட்டதையும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த விவரங்களிலேயே கனமானது அந்தக் கடைசி வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

பினாங்கில் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் உயிர்வேதியியல் பிரிவில் இருபத்து நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எண்கள் எப்படி உருவாகின்றன, எப்போது அவை நம்மைத் தவறான திசைக்கு இழுத்துச் செல்கின்றன என்பதுதான் என் தொழில். நான் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் அல்லேன். உங்கள் இருவரையும் நேரில் பார்க்காமல் ‘உங்களுக்கு இதுதான்’ என்று சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை. அந்த வரம்புக்குள் நின்று, உறுதியாகத் தெரிந்தது எது, இன்னும் விவாதத்தில் இருப்பது எது என்று பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

சர்க்கரை எண்களிலிருந்து தொடங்குவோம். மலேசிய சுகாதார அமைச்சின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, வெறும் வயிற்றில் 6.1 முதல் 6.9 மில்லிமோல் வரை இருந்தாலோ, எச்பிஏ1சி 5.7 முதல் 6.2 விழுக்காடு வரை இருந்தாலோ அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. வெறும் வயிற்றில் 7.0, அல்லது எச்பிஏ1சி 6.3 என்றால் நீரிழிவு. தமிழ்நாட்டு உறவினர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும்: அங்கே சர்க்கரையை மில்லிகிராமில் சொல்வார்கள், நம்முடைய எண்ணை 18ஆல் பெருக்கினால் அது கிடைக்கும், எச்பிஏ1சிக்கு அங்கும் உலகின் பெரும்பாலான நாடுகளிலும் 6.5தான் எல்லை, மலேசியா அதைவிடக் கீழே 6.3இல் கோடு போட்டிருக்கிறது. ஆகவே நீங்கள் இருவருமே முந்தைய நிலையில் இருப்பதாகத் தாள் சொல்கிறது. இந்த எல்லைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றேதான். ஆனால் ஒரே எல்லையை இரண்டு உடல்களும் ஒரே வழியாகக் கடப்பதில்லை.

வெறும் வயிற்றுச் சர்க்கரை உயர்ந்திருப்பது ஆண்களிடம் அதிகம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை உயர்ந்திருப்பது பெண்களிடம் அதிகம். ஐரோப்பிய ஆய்வுகளிலும் ஆஸ்திரேலிய ஆய்விலும், இந்திய வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழும் மொரீஷியஸில் நடந்த ஆய்விலும் இதே வேறுபாடு தென்பட்டது. இது உறுதியாகத் தெரிந்த செய்தி. ஏன் அப்படி என்பதில்தான் கருத்து வேறுபாடு. வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பெரிதும் தீர்மானிப்பது இரவு முழுவதும் கல்லீரல் வெளியிடும் குளுக்கோஸ். குடித்த பின் ஏறும் சர்க்கரையைப் பெரிதும் தீர்மானிப்பது தசைகள் அதை எவ்வளவு விரைவாக உள்ளிழுக்கின்றன என்பது. ஆண்களின் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு முந்திச் சேர்வதால் முதலாவது அவர்களிடம் முதலில் பழுதாகிறது என்பது ஒரு விளக்கம். மற்றொரு விளக்கம் மிக எளியது: ஐந்தடிப் பெண்ணுக்கும் ஆறடி ஆணுக்கும் அதே 75 கிராமைத்தான் கொடுக்கிறோம். ஆஸ்திரேலிய ஆய்வில் உயரத்தைக் கணக்கில் சேர்த்தபோது ஆண் பெண் வேறுபாடு பெருமளவு மறைந்துவிட்டது. அப்படியானால் பெண்களின் இரண்டு மணி நேர எண்ணில் ஒரு பகுதி அளவுகோலால் வந்ததே. இருந்தாலும் அந்த எண்ணை ஒதுக்கிவிட முடியாது. நம் பெண்கள் ஒரு தட்டுச் சோறோ, ஒரு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் சேர்த்தோ சாப்பிடும்போதும் உடல் சிறியது என்பதற்காக யாரும் அளவைக் குறைத்துக் கொடுப்பதில்லையே.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டிய முதல் செய்தி: துணைவியாரின் 5.4 என்ற எண்ணைப் பார்த்து அவர் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறார் என்று முடிவுக்கு வர முடியாது. வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்தால், உணவுக்குப் பின் மட்டும் சர்க்கரை ஏறும் பெண்கள் வலையில் விழாமல் தப்பிவிடுவார்கள்.

‘அதற்குத்தான் எச்பிஏ1சி இருக்கிறதே, அது 6.1 என்று காட்டிவிட்டதே’ என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய விஷயத்தில் நான் அந்த எண்ணையும் முழுதாக நம்பத் தயங்குகிறேன், காரணம் அதே தாளில் இருக்கும் ஃபெரிட்டின் 9. எச்பிஏ1சி என்பது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது; நாள் கூடக்கூட அதில் ஒட்டும் சர்க்கரையும் கூடும். இரும்புச்சத்து குறைந்தால் புதிய அணுக்களின் உற்பத்தி தளர்கிறது, இரத்தத்தில் பழைய அணுக்களின் பங்கு கூடுகிறது, எச்பிஏ1சி உண்மையைவிடச் சற்று அதிகமாகக் காட்டுகிறது. ஃபெரிட்டின் 15க்குக் கீழே இருந்தால் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 9 என்ற அளவும் 10.4 என்ற ஹீமோகுளோபினும் சேர்ந்தால் இரும்புக் குறைபாட்டு இரத்தசோகை என்பதில் பெரிய ஐயம் இருக்காது. எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த ஒரு பெண்மணியை நினைவுகூர்கிறேன். மாதவிடாய்ப் போக்கு மிகுதியால் பல ஆண்டுகள் இரத்தசோகையோடு இருந்தவர், எச்பிஏ1சி 6.4 என்று வந்ததும் நீரிழிவு என்று எண்ணி மனம் உடைந்துபோனார். மருத்துவர் குளுக்கோஸ் பரிசோதனை செய்யச் சொன்னார், அது இயல்பாக இருந்தது. இரும்பு மாத்திரையில் இரத்தசோகை தீர்ந்த பின் எச்பிஏ1சி 5.8க்கு இறங்கியது. எல்லோருக்கும் இப்படி இறங்கும் என்று நான் சொல்லவில்லை. இறங்கக்கூடும் என்பதால்தான் இரும்பு தீர்ந்த உடலில் எச்பிஏ1சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்கிறேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. சிவப்பணுவின் ஆயுளைக் குறைக்கும் எதுவும் எச்பிஏ1சியைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். கர்ப்பகாலமும் அண்மையில் இரத்த இழப்பும் அப்படிப்பட்டவை. நம் நாட்டில் தாலசீமியாக் கூறு உடையவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். வடக்கே கெடா, கிளந்தான் பக்கத்தில் ஹீமோகுளோபின் ஈ என்ற வகை அடிக்கடி எதிர்ப்படும். இவை சில கருவிகளின் அளவீட்டையே குழப்பிவிடும். 50 வயதுக்குட்பட்ட பெண்களின் எச்பிஏ1சி அதே வயது ஆண்களுடையதைவிடச் சிறிது குறைவாக இருப்பதை 2023இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று சுட்டிக்காட்டியது. மாதந்தோறும் இரத்தம் வெளியேறிப் புதிய அணுக்கள் உருவாவது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். ஒரே எல்லையைப் பயன்படுத்துவதால் சில பெண்களுக்கு நீரிழிவு தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறதோ என்ற கேள்வியை அது எழுப்பியிருக்கிறது. அது நல்ல கேள்வி, ஆனால் எல்லையை மாற்றும் அளவுக்கு இன்னும் முதிரவில்லை. பாருங்கள், மாதவிடாய் ஒரே எண்ணை ஒரு காரணத்தால் மேலேயும் இன்னொரு காரணத்தால் கீழேயும் இழுக்கிறது. எந்தப் பக்கம் வென்றது என்பதைத் தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது; குளுக்கோஸைக் குடிக்கவைத்து அளந்தால்தான் தெரியும்.

ஃபெரிட்டினுக்கு ஏன் இரண்டு எல்லைகள் என்பது இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். ஆணின் உடலிலிருந்து இரும்பு வெளியேற மாதந்தோறும் திறக்கும் வாய்க்கால் கிடையாது. பெண்ணுக்கு மாதவிடாய் நின்ற பின் ஃபெரிட்டின் ஏறி ஆணின் அளவை நெருங்கும். உயர்ந்த ஃபெரிட்டின் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பது ஆண், பெண் இருபாலாரிடமும் பலமுறை காணப்பட்டிருக்கிறது. அது காரணமா, வெறும் அடையாளமா என்பதுதான் சிக்கல். இரும்பு மிதமிஞ்சித் தேங்கினால் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் அழியும்; பரம்பரை இரும்புத் தேக்க நோயிலும், தொடர்ந்து இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தாலசீமியா நோயாளிகளிடமும் அது நிரூபணமான உண்மை. ஆனால் 430 போன்ற நடுத்தர உயர்வு பெரும்பாலும் இரும்பைப் பற்றிப் பேசுவதில்லை. ஃபெரிட்டின் அழற்சியிலும், மது அருந்துவோரிடமும், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தாலும் உயரும். உங்கள் ஏஎல்டி 52 என்பதைச் சேர்த்துப் பார்த்தால் கல்லீரல் கொழுப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம் விழுகிறது. டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற பரிசோதனையைச் சேர்த்துச் செய்தால் உண்மையிலேயே இரும்பு மிகுந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அதற்கு முன் ‘இரும்பு அதிகம்’ என்று நீங்களாக முடிவெடுத்துக் கீரையை நிறுத்த வேண்டாம்.

எச்டிஎல் கொழுப்பைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. ஆணுக்கு 1.0, பெண்ணுக்கு 1.3 மில்லிமோலுக்குக் கீழே போனால் குறைவு. துணைவியாரின் 1.15 உங்கள் தாளில் இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவருடைய தாளில் அது இயல்புக்குக் கீழே. கல்லீரல் நொதியான ஏஎல்டிக்கும் பெண்களுக்குரிய மேல் எல்லை குறைவு, ஆனால் பல ஆய்வுக்கூடங்கள் இன்றும் இருவருக்கும் ஒரே எல்லையை அச்சிடுகின்றன. என் துறையின் குறையாகவே இதை ஒப்புக்கொள்கிறேன். யூரிக் அமிலத்தைச் சிறுநீரகத்தின் வழி வெளியேற்ற ஈஸ்ட்ரோஜன் உதவுவதால் மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு அது குறைவாகவே இருக்கும். அதனால்தான் ஆணுக்கு 420, பெண்ணுக்கு 360 என்ற அளவில் எல்லை வைக்கிறார்கள். 43 வயதில் 370 என்பது ஆணின் கண்ணுக்கு எளிய எண், அவருக்கு அது சிறிய எச்சரிக்கை. யூரிக் அமிலம் நீரிழிவை உண்டாக்குகிறது என்பதை மரபணு அடிப்படையிலான ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காதபோது சிறுநீரகம் யூரிக் அமிலத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஆகவே அது வழிகாட்டிப் பலகை, அதைக் குறைக்க மாத்திரை போட்டால் நீரிழிவு தள்ளிப்போகும் என்று எண்ண இடமில்லை.

ஆண் பெண் வேறுபாடு வெறும் அளவு வேறுபாடாக நில்லாமல் திசையே மாறிப்போகும் இடம் ஒன்று உண்டு, அது பாலின ஹார்மோன்கள். ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் நீரிழிவு வாய்ப்பு கூடுகிறது. பெண்ணுக்கு அதே டெஸ்டோஸ்டிரோன் மிகுந்தால் வாய்ப்பு கூடுகிறது. 2006இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான, பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட தொகுப்பாய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 2020இல் நேச்சர் மெடிசின் இதழில், பிரிட்டனின் பயோபேங்க் என்ற உடல்நலத் தரவுத் தொகுப்பில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை வைத்துச் செய்த ஆய்வு அதை மேலும் உறுதிப்படுத்தியது. பிறவியிலேயே டெஸ்டோஸ்டிரோன் சற்று அதிகமாக அமையும் மரபணுக்களைக் கொண்ட பெண்களுக்கு, ஒரு குறிப்பிட்ட அளவு உயர்வுக்கு, நீரிழிவு வாய்ப்பு 37 விழுக்காடு கூடியது. ஆண்களுக்கு 14 விழுக்காடு குறைந்தது. மரபணுக்கள் கருவிலேயே சீட்டுக்குலுக்கல் போல விழுந்துவிடுவதால், பின்னால் வந்த உடல் எடையோ உணவோ கணக்கைக் குழப்புவது குறைவு. ஆகவே இது காரணத்தை நெருங்கும் சான்று. அதன் குறை, ஆய்வுக்குட்பட்டவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். கிள்ளானிலும் பட்டர்வொர்த்திலும் வாழும் நமக்கு அதே அளவில் பொருந்துமா என்பதற்கு நம்மவரின் தரவு வேண்டும்.

டெஸ்டோஸ்டிரோனை இரத்தத்தில் ஏற்றிச் செல்லும் ஒரு புரதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாலின ஹார்மோன் பிணைப்புக் குளோபுலின் என்பது அதன் பெயர், சுருக்கமாக எஸ்எச்பிஜி. கல்லீரல்தான் இதைச் சுரக்கிறது. பெண்களுக்கு ஆண்களைவிட இது அதிகம். இதன் அளவு உயர்ந்திருப்பவர்களுக்கு நீரிழிவு குறைவாகவே வருகிறது. அந்தத் தொடர்பு பெண்களிடம் இன்னும் வலுவானது. நான் மேலே சொன்ன 2006ஆம் ஆண்டுத் தொகுப்பில் எஸ்எச்பிஜி உயர்ந்திருந்த பெண்களுக்கு வாய்ப்பு 80 விழுக்காடும், ஆண்களுக்கு 52 விழுக்காடும் குறைவாக இருந்தது. அளவு அத்தனை பெரிதாக இருப்பதை நான் அப்படியே ஏற்கவில்லை, ஏனெனில் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தாலே எஸ்எச்பிஜி உற்பத்தி குறைந்துவிடுகிறது. அப்போது எஸ்எச்பிஜியை அளக்கும் நாம் ஓரளவுக்குக் கல்லீரல் கொழுப்பைத்தான் அளந்துகொண்டிருக்கிறோம். அதே நேரத்தில், 2009இல் வெளியான மரபணு ஆய்வு எஸ்எச்பிஜிக்கும் தனிப் பங்கு இருப்பதைக் காட்டியது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும். நீர்க்கட்டிச் சினைப்பை உள்ள பெண்களிடம் இந்தச் சுழல் வெளிப்படையாகத் தெரியும்: இன்சுலின் உயர்கிறது, அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது, எஸ்எச்பிஜியைக் குறைக்கிறது, புரதத்தோடு பிணையாமல் மிஞ்சும் ஆண் ஹார்மோன் வயிற்றுக் கொழுப்பைக் கூட்டுகிறது, அது மீண்டும் இன்சுலினை உயர்த்துகிறது. மாதவிடாய் ஒழுங்கற்ற, முகத்தில் முடி வளர்வதாகக் கூறும் இளம்பெண்களை அழகுப் பிரச்சினை என்று மட்டும் எண்ணி அனுப்பிவிடாமல் சர்க்கரையையும் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உங்களுடைய 9.8க்கு வருகிறேன். ஊசி பற்றிய பேச்சு முழுக்க ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவில் 50 முதல் 74 வயது வரையிலான, இடுப்பு பருத்த 1,007 ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள் டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ மருந்தில்லாத வெறும் ஊசியோ போட்டு, இரு பிரிவினருக்கும் உணவு, உடற்பயிற்சித் திட்டத்தையும் கொடுத்து ஒரு சோதனை நடந்தது. 2021இல் வெளியான அதன் முடிவில் வெறும் ஊசி பெற்றவர்களில் 21 விழுக்காட்டினரும் மருந்து ஊசி பெற்றவர்களில் 12 விழுக்காட்டினரும் நீரிழிவு நிலையில் இருந்தனர். அந்த எண்தான் உடற்பயிற்சிக்கூடம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. அதே ஆய்வின் மறுபாதி வந்து சேரவில்லை: மருந்து பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இரத்தம் கவலைக்குரிய அளவுக்குத் தடித்துப்போனது. பின்னர் அமெரிக்காவில், டெஸ்டோஸ்டிரோன் குறைந்த, இதய நோய் அபாயமும் உள்ள ஆண்களிடம் களிம்பு வடிவில் அதைக் கொடுத்த பெரிய சோதனையில், நீரிழிவுக்கு முந்தைய நிலையிலிருந்து நீரிழிவுக்குப் போவது குறையவில்லை. ஒன்று குறைத்தது, ஒன்று குறைக்கவில்லை. ஆகவே நீரிழிவைத் தடுக்க டெஸ்டோஸ்டிரோன் என்பது இன்று சந்தேகத்தின் பக்கமே நிற்கிறது. வயிறு பருத்தால் எஸ்எச்பிஜி குறையும், அது குறைந்தால் மொத்த டெஸ்டோஸ்டிரோன் தானாகக் குறைந்து தெரியும், எடை இறங்கினால் இரண்டும் ஏறும். 9.8 என்பது தெளிவான குறைபாடு அல்லாத இடைநிலை எண். காலை 11 மணிக்குள், வெறும் வயிற்றில், வேறொரு நாளில் மீண்டும் எடுத்துப் பார்க்காமல் அதற்கு எந்தப் பெயரும் சூட்டக் கூடாது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடக்கூடும் என்பதையும் அந்த உடற்பயிற்சிக்கூட நண்பரிடம் சொல்லுங்கள்.

அடிபோனெக்டின், சி-ரியாக்டிவ் புரதம், கிளை அமினோ அமிலங்கள் என்று விளம்பரங்களில் வரும் மற்ற குறியீடுகளை விரைவாகக் கடந்துவிடலாம். கொழுப்பணுக்கள் சுரக்கும் அடிபோனெக்டின் பெண்களுக்கு அதிகம், அது அதிகமிருந்தால் நீரிழிவு வாய்ப்பு குறைவு. ஆனால் அது காப்பாற்றுகிறதா, நல்ல நிலையின் அறிகுறிதானா என்பது தீரவில்லை. அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்துக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் ஆய்வில் பெண்களிடம் வலுவாகத் தெரிந்தது, ஆனால் மரபணு ஆய்வுகள் அதைக் காரணமாகக் காட்டவில்லை. லியூசின், ஐசோலியூசின், வாலின் ஆகிய கிளை அமினோ அமிலங்கள் நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உயர்ந்திருப்பதை 2011இல் ஃபிராமிங்ஹாம் ஆய்வு காட்டியது. அறிவியலுக்கு இவை அருமையான செய்திகள். உங்கள் பணத்தை இவற்றுக்குச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து, ஏனெனில் முடிவு எதுவாக வந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை.

இந்த எண்களுக்கெல்லாம் அடியில் இருப்பது கொழுப்பு எங்கே சேர்கிறது என்ற கேள்வி. மாதவிடாய் நிற்கும் வரை பெண்ணின் உடல் கொழுப்பைப் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேயும் தொடையிலும் தோலுக்கடியில் சேமிக்கிறது. ஆணின் உடல் வயிற்றுக்குள் சேமிக்கிறது. ஸ்காட்லாந்தின் நீரிழிவுப் பதிவேட்டில், நோய் கண்டறியப்பட்டபோது ஆண்களின் சராசரி உடல் நிறைச் சுட்டெண் 31.8, பெண்களுடையது 33.7. ஆண் குறைந்த எடையிலேயே சரிகிறான். பெண் கூடுதல் எடை வரை தாங்குகிறாள். நம்மவர்களுக்கு இரண்டுமே இன்னும் கீழே, அதனால்தான் மலேசியாவில் 23ஐயே அதிக எடையின் தொடக்கமாகவும், இடுப்பளவில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரை எல்லையாகவும் கொள்கிறோம். அந்தத் தாங்குதிறனுக்குப் பெண் கொடுக்கும் விலை பெரிது. அவள் நீரிழிவுக்குள் வந்து சேரும்போது எடை, இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் ஆணைவிடக் கூடுதலாக நிலைமாறியிருக்கும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய 2014ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், நீரிழிவு இதயத் தமனி நோய் வாய்ப்பைக் கூட்டும் விகிதம் பெண்களிடம் ஆண்களைவிட 44 விழுக்காடு அதிகமாக இருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை நார்மல் என்று பெண்களை வீட்டுக்கு அனுப்புவது எனக்கு ஏன் இத்தனை மனவேதனை தருகிறது என்பது இதில் இருக்கிறது.

இப்போது அந்தக் கடைசி வரி. கர்ப்பகாலத்தில் சர்க்கரை ஏறிய பெண்ணுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, ஏறாத பெண்ணைவிட ஏழு மடங்கு என்று 2009ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும், ஏறக்குறைய பத்து மடங்கு என்று 2020ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும் கணித்தன. சர்க்கரை எண்களை விட்டுவிட்டால், நான் இதுவரை பேசிய எந்த இரத்தக் குறியீடும் இந்த அளவுக்குப் பேசாது. கர்ப்பம் என்பது கணையத்துக்கு இயற்கை வைக்கும் கடும் சோதனை. அதில் ஒருமுறை திணறிய கணையம் வயதும் எடையும் கூடும்போது மீண்டும் திணறும். ‘பிரசவத்துக்குப் பின் இறங்கிவிட்டது’ என்று நம் வீடுகளில் நிம்மதியாகச் சொல்லிவிடுகிறோம். இறங்கியது சோதனையின் சுமைதான். ஆணுக்கு இப்படியொரு முன்னறிவிப்பு கிடைப்பதே இல்லை. கிடைத்த பெண்களுக்கோ அது பிரசவ அட்டையோடு அலமாரிக்குள் போய்விடுகிறது. ஆய்வுக்கூடப் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: உங்களுக்கு இருக்கும் அபாயம் தாளிலேயே தெரிகிறது, கல்லீரலைச் சுற்றிக் கொத்தாக நிற்கிறது, துணைவியாருடையது தாளுக்கு வெளியே இருக்கிறது, என் கணிப்பில் அது உங்களுடையதைவிடக் குறைந்ததல்ல. அவருக்கு 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முந்தைய மூன்று நாள் சோற்றைக் குறைக்காமல் வழக்கம்போல் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் எண் பொய்யாக உயரலாம். முந்தின இரவு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வெறும் வயிறு, கரைசலை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடித்தல், பிறகு இரண்டு மணி நேரம் நடமாடாமல் உட்கார்ந்திருத்தல். 7.8 முதல் 11.0 வரை வந்தால் முந்தைய நிலை, 11.1 என்றால் நீரிழிவு. இரத்தசோகையையும் தனியாகக் கவனியுங்கள். இரும்பு மாத்திரை வாங்குவதோடு நிறுத்தாமல், இரத்தம் எங்கே போகிறது என்பதை மகப்பேறு மருத்துவர் பார்க்க வேண்டும். அது சீரான பிறகு, மூன்று மாதம் கழித்து எடுக்கும் எச்பிஏ1சிதான் நம்பத்தக்கது. உங்களுக்கு வயிற்று அல்ட்ராசவுண்ட், டிரான்ஸ்ஃபெரின் செறிவு, இன்னொரு காலை டெஸ்டோஸ்டிரோன் ஆகிய மூன்றும் போதும் என்று நினைக்கிறேன், உங்கள் மருத்துவர் வேறுவிதமாக நினைத்தால் அவர் சொல்வதே சரி.

முந்தைய நிலையிலிருந்து திரும்ப முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மருத்துவர் ராமச்சந்திரன் தலைமையில் சென்னையைச் சேர்ந்த குழு நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றிய பிரிவில் மூன்று ஆண்டுகளில் நீரிழிவு 28.5 விழுக்காடு குறைந்தது, அதுவும் எடை பெரிதாக இறங்காமலேயே. நம் உணவை உண்டு நம் உடலைக் கொண்டவர்களிடம் கிடைத்த விடை என்பதால் அதை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்த ஆய்வில் இருந்த 531 பேரில் பெண்கள் 110 பேர் மட்டுமே, ஆகவே பெண்களுக்குத் தனியாக எவ்வளவு பயன் என்று அதை வைத்து அறுதியிட முடியாது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் பத்துக்கு மூவருக்கு நீரிழிவு இருந்தது, இனவாரியாக அதுவே மிக அதிகம். அப்படியிருந்தும் நம் பெண்களின் இரத்தத்தை நம் பெண்களின் அளவுகோலில் ஆராய்ந்த தரவு இத்தனை சிறிதாக இருக்கிறது.

குளுக்கோஸ் பரிசோதனைக்குப் போகும்போது, கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த ஆண்டைப் படிவத்தின் மேல் ஓரத்தில் கையால் எழுதச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் இங்கே எண்களைப் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.